உதட்டுக்கு ஒரு விளக்கு

தெருவில் அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து விழுங்கிவிட்டாளாம். வீடே பதறிக்கொண்டிருக்க, "உள்ள போயி தச்சுக்கிச்சு, விடுங்க" என்று அவள் சொன்னதாகக் கதை. வளர்ந்து தையல்காரியானதும் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது.

பேச்சென்றால் அவளுக்கு உயிர். தோளுக்கும் இடுப்புக்கும் அளவு எடுத்து முடிப்பதற்குள், வந்தவருடைய மாமியார் எப்படிப்பட்டவர், மூத்த பையன் என்ன படிக்கிறான், வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது வரைக்கும் தெரிந்து வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. முதலில் தையல் மெஷினின் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோலத் தூரமானது. பிறகு பாதத்தில் அதிர்வு மட்டும் இருந்தது, சத்தம் இல்லை. நரம்பு கெட்டுவிட்டது, கருவி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்று மருத்துவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

அழுது முடித்துவிட்டு அவள் உதடுகளைப் படிக்க உட்கார்ந்தாள். கணவர்தான் பாடப் புத்தகம். அச்சகத்தில் பிழை திருத்துகிற மனிதர், அதிகம் பேசாதவர். அவரை எதிரே உட்கார வைத்துப் பேசச் சொன்னாள். பாப்பா என்பதும் மாமா என்பதும் உதட்டில் ஒன்றுபோலவே இருந்ததில் முதல் வருஷம் முழுக்க ஒரே கூத்து. "மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று அவர் சொல்ல, இவள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று ஓடியிருக்கிறாள். ஆனால் போகப்போகக் கண் பழகிவிட்டது. வெளிச்சம் இருந்தால் போதும். முகம் பாதி திரும்பியிருந்தால்கூடப் பிடித்துவிடுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளுக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. குரல் மட்டும் அவளை அறியாமல் ஏறிவிடும். கணவர் உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டுவார், இவள் குறைத்துக்கொள்வாள்.

இருட்டுதான் அவளுடைய எதிரி. மின்சாரம் போனால் வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் வேறெங்கோ போய்விடுவாள்.

ஒரே மகளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு வாரக் கடைசியில் இருவரும் தங்களுடைய பழைய காரில் கிளம்பிவிடுவார்கள். போகும்போது பகல், பேச்சு நடக்கும். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் கணவருடைய முகம் கறுப்பாகிவிடும். பேத்தி யாரைப் போல இருக்கிறாள், மகள் ஏன் சோர்ந்து தெரிந்தாள் என்று பேச ஆயிரம் இருக்க, வழி நெடுக வாயைக் கட்டிக்கொண்டு வருவாள். உள்ளே கூரை விளக்கைப் போட்டால் முன்கண்ணாடியில் அவருடைய முகமே தெரிந்து சாலை மறைந்துவிடும். அதைப் போடவும் முடியாது.

அப்படித் திரும்பி வந்த ஒரு சாயங்காலம் அவர் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது, பக்கத்தில் ஓர் ஆள். கணவர் இவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். இருட்டில் தலை அசைந்தது மட்டும் இவளுக்குத் தெரிந்தது. கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலும் நூலும் எப்போதும் கிடக்கும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, வண்டியின் பின்பக்கமாகச் சுற்றிச் சாலைக்கு வந்தாள்.

முதலில் அவளுடைய நிழல்தான் முன்னால் நீண்டது. எதற்கு இவ்வளவு வெளிச்சம் என்று யோசிப்பதற்குள் கணவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தார். வாய் முழுசாகத் திறந்திருந்தது. இடித்துத் தள்ளிக் காரோடு சேர்த்து அவளை அழுத்தினார். அதே நொடியில் பின்னாலிருந்து வந்த லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. போன வேகத்தில் துணிப்பை தோளிலிருந்து கழன்று எங்கோ விழுந்தது. அவளுக்கு எந்தச் சத்தமும் இல்லை. காற்றும் சூடும் மட்டும்.

மோட்டார் சைக்கிள்காரருக்கு முழங்கால் சிராய்ப்புதான். அவர்தான் ஓடி வந்து இவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், சாலையில் கிடந்த துணிப்பையையும் எடுத்துத் தந்தார். காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு கணவர் கத்தினார். "இறங்காதேன்னு சொன்னேன்ல!"

"எப்போ சொன்னீங்க?"

"இப்பத்தான், வண்டிய நிறுத்தும்போது."

"இருட்டுல சொன்னா அது சொன்னதாகுமா?"

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார். "இனிமே சாயந்திரப் பயணம் வேணாம். நான் மட்டும் போயிட்டு வரேன். உன்னப் பகல்ல என்னைக்காவது கூட்டிட்டுப் போறேன்."

என்னைக்காவது என்ற சொல் அவருடைய உதட்டில் மிகத் தெளிவாக விழுந்தது. பொத்தானுக்குச் சுருக்கென்றது. பேத்தியை என்னைக்காவது பார்ப்பதா?

அடுத்த நாள் சாயங்காலம் கையில் டார்ச்சோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. கணவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, சாலையைப் பார்த்தபடி பேசச் சொன்னாள்.

"என்னத்தப் பேச?"

"என்னமோ பேசுங்க. இன்னைக்கி அச்சடிச்சதச் சொல்லுங்க."

"உங்கள் பற்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்றார். அன்றைக்கு ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரம்.

டார்ச்சை முகவாய்க்கு அடியில் பிடித்தால் பேய் மாதிரி இருந்தது, பல் விளம்பரத்துக்கு ஆகாது. பக்கத்திலிருந்து அடித்தால் அவருக்குக் கண் கூசியது. எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டி, "என்ன, வண்டிக்குள்ள நாடகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில், பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கிற நடுக் கண்ணாடியின் அடியில் டார்ச்சை வைத்து, ஒளியைக் கையால் பாதி மறைத்தாள். வெளிச்சம் அவருடைய மூக்குக்குக் கீழே மட்டும் விழுந்தது. உதடு தெரிந்தது. அவருக்குச் சாலையும் தெரிந்தது. மஞ்சள் நிறத்தில் மங்கலாக இருந்தால் கண்ணை உறுத்தாது என்பதையும் டார்ச் முகத்தில் துணித் துண்டுகளைக் கட்டிக் கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

கார் சாமான் கடைக்காரரிடம் மஞ்சள் எல்.இ.டி. பட்டை கேட்டாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினார்.

"அண்ணே, என்னப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

அவர் திரும்பி நிதானமாகச் சொன்னார். "இந்த வயர் மெல்லிசும்மா. இது தாங்குறத விட அதிகமா கரண்டு பாஞ்சா முதல்ல ஃபியூஸ் போகணும். ஃபியூஸ் போகலைன்னா வயர் போகும். வயர் போச்சுன்னா வண்டி போகும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

வேலையை அவளே செய்தாள். கணவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டாரே தவிர, தடுக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில், முழங்கால் இடிக்கிற இடத்தில் ஃபியூஸ் பெட்டி. அங்கிருந்து ஒரு தனி ஃபியூஸ் வைத்து வயரை எடுத்தாள். வண்டி நிற்கும்போதும் எரிய வேண்டும் என்பதற்காக, சாவியை எடுத்தாலும் மின்சாரம் இருக்கிற இணைப்பாகப் பார்த்துக் கொடுத்தாள். முன்கண்ணாடியின் ஓரத்துத் தூணை மூடியிருந்த பிளாஸ்டிக்கை மர ஸ்கேலால் நெம்பி எடுத்தாள். வயரை அதற்குள் ஏற்றி, கூரைத் துணிக்கு உள்ளே நாடா கோக்கும் ஊசியால் இழுத்து நடுக் கண்ணாடி வரை கொண்டுவந்தாள். அங்கே சுவிட்ச், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, விரல் நீளத்தில் விளக்குப் பட்டை. ஒளி முன்கண்ணாடிப் பக்கம் போகாமலிருக்கக் கறுப்புக் கம்பளித் துணியில் ஒரு குல்லாய் தைத்து மாட்டினாள். பிளாஸ்டிக் மூடியைத் தட்டிப் பொருத்தும்போது ஒரு கொக்கி மட்டும் சண்டித்தனம் செய்தது. உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினாள், உட்கார்ந்துகொண்டது.

விளக்கு எரிந்தது. கணவர் சொன்ன பல் விளம்பரம் முழுவதையும் திருப்பிச் சொன்னாள். அவர் சந்தோஷத்தில் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். விளக்கு அணைந்தது.

ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினாள். எரிந்தது, மறுநாள் மறுபடி போனது. அந்த வாரம் பள்ளிச் சீருடை வேலை கழுத்தை நெரித்தது. கொழுந்தனைக் கூப்பிட்டு அனுப்பினாள். கணவரின் தம்பி, வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கையில் நல்ல வேலை, வாயில் அவசரம்.

"இதுக்கா அண்ணி இவ்ளோ யோசிக்கிறீங்க, தள்ளுங்க" என்று சிரித்துவிட்டு, கதவுக்கு வெளியே கால்களை நீட்டிக்கொண்டு தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டான். பொத்தான் அவன் கால்மாட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, கட்டைவிரலை உயர்த்தி, "எரியுது" என்றான். ஃபோன் வந்திருக்க வேண்டும், காதில் வைத்துக்கொண்டே ஓடினான்.

அந்த வாரக் கடைசியில் தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. பேத்தி அன்றைக்கு முதன்முதலாகக் குப்புற விழுந்திருந்தாள். திரும்பும்போது இருட்டியதும் பொத்தான் கையை உயர்த்திச் சுவிட்சைத் தட்டினாள். கணவருடைய உதடுகளும் முகவாயும் மஞ்சளாக மிதந்து வந்தன.

"தெரியுதா?" என்றார்.

"மீசையில நரைச்சது கூடத் தெரியுது."

இருவரும் ஊரை, உறவை, மாப்பிள்ளையை எல்லாம் ஒரு பாடு பேசித் தீர்த்தார்கள். ஆற்றுப் பாலம் வந்தது. நீண்ட பாலம், ஒதுங்க இடமில்லாதது. இணைப்புக்கு இணைப்பு வண்டி குலுங்கியது. அவர் சாலையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"அன்னைக்கி லாரி போச்சுல்ல. மறுநாள் அச்சகத்துல உக்காந்தேன். கண்ணு எழுத்துமேல நிக்கவே இல்ல. ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லல. எனக்கு அப்போ…"

பொத்தானின் மூக்கு நிமிர்ந்தது. நைலான் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் எழும் வாசனை. அவளுடைய தொழிலில் அந்த வாசனை வந்தால் கை தானாகத் தாவும்.

"என்னங்க, ஏதோ கருகுது."

"எனக்கு ஜலதோஷம், ஒன்னும்…" என்று அவர் சொல்லும்போதே விளக்கு இரண்டு முறை இமைத்துவிட்டு அணைந்தது. இருட்டில் அவருடைய உதடு போய்விட்டது. அவர் தோளுக்குப் பக்கத்தில், தூணை மூடிய பிளாஸ்டிக்கின் இடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது கம்பி. அதிலிருந்து புகை கிளம்பி முன்கண்ணாடியில் ஏறியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவர் தடுப்புச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். நான்கு பக்க எச்சரிக்கை விளக்குகளும் இமைக்கத் தொடங்கின. அந்தச் செம்மஞ்சள் மினுக்கலில் அவருடைய முகம் வந்தது, போனது. வாய் எதையோ கத்தியது. வெளிச்சம் வந்தபோது 'றங்' என்பது போலத் தெரிந்தது. அடுத்த வெளிச்சத்தில் கையால் வெளியே காட்டினார். பின்னாலிருந்து வரும் வண்டிகளின் விளக்குகள் கண்ணாடியில் பெருகின. அவர் சாவியை எடுத்தார். மேலே கைநீட்டிச் சுவிட்சை அமர்த்தினார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சாவி போனாலும் மின்சாரம் வருகிற இடத்தில் அவள்தானே இணைத்தாள். சுவிட்சோ அந்தக் கம்பிக்கு அப்பால் இருக்கிறது. ஃபியூஸ் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

"நீங்க இறங்குங்க!" என்று அலறிவிட்டு அவருடைய மடிமேல் குறுக்கே விழுந்தாள். புகை கண்ணில் குத்தியது. ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டாள். ஃபியூஸ் பெட்டியின் ஓரத்தில் கொத்தாக வயர்கள். எது தன்னுடையது? பார்க்க வழியில்லை. விரல்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். குளிர்ந்தது, குளிர்ந்தது, குளிர்ந்தது. ஒன்று விரலோடு ஒட்டிக்கொண்டு சுட்டது. சுடுவதுதான் என்னுடையது என்று தோன்றியது. விடவில்லை. மறு கையால் துணிப்பையைத் துழாவிக் கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தோளை உதறிவிட்டு, சுடுகிற இடத்துக்குக் கீழே கத்தரியைக் கொடுத்து அழுத்தினாள்.

ஒரு பொறி. அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தபோது சிவப்புக் கோடு மங்கி, கறுத்து, இல்லாமல் போனது.

அவர் கதவைத் திறந்துவிட்டார். புகை வெளியேறி மழையோடு போனது. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகளில் யாரோ கை ஆட்டித் திட்டினார்கள். ஹாரன் அடித்திருப்பார்கள். அவளுக்கு அது இல்லை. அவளுடைய இரண்டு விரல்களில் தோல் உருகிய பிளாஸ்டிக்கோடு உரிந்திருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அவர் அதைச் சுற்றினார். முடிச்சு சரியாக விழவில்லை, இவளே பல்லால் இழுத்து முடித்தாள். வீடு வரும்வரை இருட்டில் ஒரு சொல் இல்லை.

காலையில் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "போதும்."

அவர் வேலைக்குப் போனதும் கட்டுப்போட்ட கையோடு பொத்தான் தூணின் மூடியைக் கழற்றினாள். உருகி வளைந்திருந்தது. அன்றைக்கு ஓங்கிக் குத்திப் பொருத்திய கொக்கி, வயரைத் தூணின் இரும்போடு சேர்த்துக் கடித்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டிருக்கிறது. அது தன் தப்பு, சரி. கீழே குனிந்தாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபியூஸ் இல்லை. வயர் நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

தகவல் கேள்விப்பட்டுக் கொழுந்தன் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அவள் டேப் சுற்றிய துண்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"சொன்னேனே அண்ணி!" அவன் முகம் வெளிறியது. "ரெண்டு தடவ சொன்னேன். எங்கயோ உரசுது, அதான் ஃபியூஸ் போகுது. லைட்டு நல்லாருக்கான்னு பாக்க ஃபியூஸ் இல்லாம நேரா குடுத்திருக்கேன், நான் வந்து உரசுற இடத்தப் பாக்குற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்கன்னு."

"எங்க இருந்துட்டுச் சொன்ன?"

அவன் கண் தானாக ஸ்டியரிங்குக்கு அடியில் போனது. "உள்ள…" என்று ஆரம்பித்துவிட்டு, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கையை எடு. கையை எடுத்துட்டுப் பேசு" என்றாள்.

"மறந்துட்டேன் அண்ணி. சத்தியமா மறந்துட்டேன். நீங்க பேசுறதப் பாத்தா மறந்து போயிடுது."

அவளுக்கு மனம் இளகவில்லை. அவன் கெட்டவனில்லை என்பது தெரியும். ஆனாலும் பாலத்தின்மேல் சாவியை எடுத்த பிறகும் சிவந்துகொண்டே இருந்த கம்பி கண்ணுக்குள் நின்றது. "இப்ப போ. அப்பறம் பேசலாம்" என்று சொல்லி மெஷினுக்குத் திரும்பினாள். வெந்த விரல்களில் ஊசி நிற்கவில்லை. அன்றைக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை.

அந்த வாரம் கணவர் தனியாகப் போய் வந்தார். அதற்கடுத்த வாரமும். பேத்தியின் படங்களைக் காட்டினார். படங்களில் பேத்தி அழகாகத்தான் இருந்தாள். பொத்தான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு நாள் அச்சகத்திலிருந்து வந்தவர் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். வயருக்கு மேலே போடுகிற வளைவான பிளாஸ்டிக் குழாய், புது வயர், இரண்டு ஃபியூஸ் வைக்கும் கூடுகள்.

"என்ன இது?"

"கடைக்காரர்கிட்ட கேட்டேன். குழாய்க்குள்ள விட்டா கொக்கி கடிக்காதாம். ஃபியூஸ் ரெண்டா வேணும்னாலும் போட்டுக்க. பக்கத்துல நின்னு நானும் பாக்குறேன்."

"போதும்னு சொன்னவரு நீங்கதான?"

அவர் நாற்காலியை இழுத்து, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்தார். "பாலத்துல பாதியில நின்னுச்சுல்ல. அதச் சொல்லி முடிக்கணும்."

"இப்பச் சொல்லுங்களேன். இங்கதான் லைட்டு இருக்கே."

"வீட்டுல வராது" என்றார். காது மடல் சிவந்தது. "ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாத்தான் வரும்."

பொத்தான் அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவராக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் பயந்துகொண்டே வந்தான். ஒவ்வொரு வேலைக்கும் தலையை வெளியே எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போனான். கழுத்து வலித்திருக்கும். பாவம் என்று விடவில்லை அவள். முடிந்ததும் கணவர் கதவை அறைந்து அறைந்து சாத்தினார். தெருவின் மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தார். ஃபியூஸ் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் திரும்பும்போது இருட்டிய பிறகும் பொத்தான் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் ஏறியதும் கணவர்தான் கையை உயர்த்திப் போட்டார். அவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். மழை வாசனை மட்டும். பிறகு அவர் பேசினார், அவள் பார்த்தாள். என்ன சொன்னார் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் கேட்டபோதும் சொல்லவில்லை. பாலம் முடிகிற இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார்கள் என்பது மட்டும் தெரியும்.

இப்போது வாராவாரம் போகிறார்கள். வெந்த விரல் நுனி மரத்துப்போகிறது, குளிர்காலத்தில் நூல் கோக்கக் கொஞ்சம் திணறுகிறாள். காருக்குள் பேச்சு மட்டுமில்லை, சண்டையும் நடக்கிறது. தான் தோற்கிற மாதிரி இருந்தால் பொத்தான் கையை நீட்டி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவர் இருட்டில் கத்தி என்ன செய்ய? கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே போடுகிறார்.

மகளுக்குத்தான் குறை. பொழுது சாயச் சாய இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்களாம்.

"பேத்தியப் பாக்க வரீங்களா, இல்ல திரும்பிப் போறதுக்காக வரீங்களா?" என்று போன வாரம் வாசலில் நின்று கேட்டாள்.

பொத்தானுக்கு மகளின் உதடு நன்றாகத் தெரிந்தது. தெரியாதவள் போல வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.